ஆட்டம் முடிந்தபின் வந்த விருது

இந்தியாவில் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கு விருது கொடுக்கும் வழக்கத்தை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1992-ல்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் கால்பந்து எழுத்தாளர்கள் 1948-லேயே ஸ்டான்லி மேத்யூஸுக்கு அப்படியொரு விருதைக் கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவின் ‘பாலன் தோர்’ 1956-ல் வந்தது. அதையும் முதலில் வாங்கியவர் அதே மேத்யூஸ். நாம் நாற்பது வருஷம் பின்தங்கினோம். லேட்டானால் என்ன, வந்ததே என்று விட்டுவிடலாம். ஆனால் விட்டுப்போனது எந்த நாற்பது வருஷம் என்று பார்த்தால் மனசு ஆறாது. 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மறுபடி தங்கம். 1970-ல் பாங்காக்கில் வெண்கலம். இந்தியக் கால்பந்து பெருமையாகச் சொல்லிக்கொள்வதெல்லாம் இந்தக் காலத்தில் அடங்கிவிடுகிறது. விருதுப் பட்டியலில் அதில் ஒரு வருஷம்கூடக் கிடையாது. கல்யாணம் முடிந்து பந்தலையும் பிரித்தபிறகு போட்டோகிராபர் வந்து நின்ற கதை இது. அந்தப் போட்டோவைப் பார்த்துக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கணக்கெடுத்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் இந்தப் பட்டியலை இந்தியக் கால்பந்தின் வரலாறாக வாசிக்கிறவர்களுக்கும் கிடைக்கும். பட்டியல் பொய் என்று சொல்ல வரவில்லை. அதை வேறு விதமாக வாசிக்க வேண்டும் என்கிறேன். வீரர்களின் பெயரை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார், பந்து உதைக்க இடமும் நேரமும் கொடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டே வாசித்தால், கோலார் தங்கவயலின் பாலகாட் போன்ற ஊர்கள் ஏன் அதில் இல்லை என்பதும் விளங்கும்.

விடுபட்டவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1948 ஜூலை 31, லண்டனை ஒட்டிய இல்ஃபர்ட். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், எதிரே பிரான்ஸ். நம் பதினொருவரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். முதலில் கோல் போட்டது பிரான்ஸ். 70-வது நிமிடத்தில் அதைச் சமன் செய்தவர் பெங்களூருக்காரரான சாரங்கபாணி ராமன். அன்று கிடைத்த இரண்டு பெனால்டியையும் நம்மவர்கள் வீணடித்தார்கள். கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று தப்பித்தது. சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் கோல் போட்டவர் ஒரு தமிழ்ப் பேர்க்காரர் என்பது தமிழர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து, வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்குக் கோல்கீப்பராக நின்றார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பேர் வாங்கினார். 1956, 1960 ஒலிம்பிக்குகளுக்குப் போனார். ஜகார்த்தா இறுதி ஆட்டத்திலும் கோல்கம்பத்தின் கீழ் நின்றவர் அவர்தான். இதெல்லாம் இன்றைய வீரர் ஒருவர் செய்திருந்தால் விருதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு பதில் தயாராக வரும்: அவர்களுக்குத்தான் அர்ஜுனா விருது இருந்ததே? இருந்தது, 1961 முதல். கால்பந்தில் அதை முதலில் வாங்கியவர் பி.கே. பானர்ஜி; 1962-ல் துளசிதாஸ் பலராம்; 1963-ல் சுனி கோஸ்வாமி; தங்கராஜின் முறை 1967-ல் வந்தது. ஜகார்த்தாவில் ஜெயித்து ஐந்து வருஷம் கழித்து! காரணம் எளிது. அர்ஜுனா அரசாங்கம் கொடுப்பது. எல்லா விளையாட்டும் ஒரே வரிசையில் நிற்கும். கால்பந்துக்கு ஒரு வருஷம் கிடைக்கும், சில வருஷம் கிடைக்காது. 1990-களில் நாட்டின் சிறந்த வீரர் என்று திரும்பத் திரும்பத் தேர்வான ஐ.எம். விஜயனுக்கே அர்ஜுனா 2000-க்குப் பிறகுதான் கிடைத்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட நெவில் டிசோசாவுக்கும், இல்ஃபர்டில் கோல் போட்ட ராமனுக்கும் அது கிடைக்கவே இல்லை. ஒரு வீரர் அந்த வருஷம் எப்படி ஆடினார் என்பதை அவரோடு மைதானத்தில் புழங்குகிறவர்களே சொல்வது ஒரு ஏற்பாடு. டெல்லியில் கோப்பு நகர்ந்து வருவது இன்னொரு ஏற்பாடு. ஒன்று இருந்ததால் இன்னொன்றின் குறை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இனி பாலகாட். இதைக் கேரளத்துப் பாலக்காடு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பாலகாட் மாவட்டமே இருக்கிறது. நாம் சொல்வது சுரங்கத்தின் பேரையே ஊர்ப்பேராகக் கொண்ட தங்கவயல் பாலகாட். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று குழி குழியாக ஊர் வளர்ந்தது. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மைசூர் அரண்மனை நகரத்துக்கு முன்பே இங்கே பல்பு எரிந்தது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர்வரை வேலை பார்த்தார்கள். குழி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. துரைமார்கள் தங்களுக்குக் கிளப்பும் கோல்ஃப் திடலும் போட்டுக்கொண்டார்கள். லைன்காரர்களுக்கு ஹாக்கியும் கால்பந்தும் வந்துசேர்ந்தன. கால்பந்துக்கு முதலீடு வேண்டாம். ஒரு பந்தும், சமமாக இல்லாவிட்டாலும் அகலமான ஒரு மண் தரையும் போதும். சுரங்கத்து வேலை ஷிஃப்ட் கணக்கு. காலை ஷிஃப்டில் கூண்டேறிக் கீழே போனவன் பிற்பகலில் மேலே வந்துவிடுவான். பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும். மைதானம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு பேர் இருந்ததால் ஒவ்வொரு பேருக்கும் ஒரு அணி தானாகவே அமைந்துவிடும். பக்கத்துக் குழிக்காரனிடம் தோற்றால் மறுநாள் கூண்டில் முகம் கொடுத்து நிற்க முடியாது. இதைவிட நல்ல லீக்கை எந்தக் கூட்டமைப்பும் வகுத்துக் கொடுத்துவிட முடியாது.

இந்த ஏற்பாடு தங்கவயலுக்கு மட்டும் சொந்தமானதில்லை. இந்தியக் கால்பந்தே அப்படித்தான் ஓடியது. விருதுப் பட்டியலின் முதல் பத்து வருஷத்தை நான் சொன்னபடி வாசித்துப் பாருங்கள். ஐ.எம். விஜயன், திருச்சூர் மைதானத்தில் பாட்டிலுக்குப் பத்து பைசா என்று சோடா விற்ற பையன். பதினேழு வயசில் அவரை எடுத்துக்கொண்டது கேரள போலீஸ். (தமிழ் ரசிகர்களுக்கு அவர் ‘திமிரு’ படத்து வில்லன். மூன்று முறை நாட்டின் சிறந்த வீரர் என்றால் நம்ப மாட்டார்கள்.) வி.பி. சத்யன், கண்ணூர்க்காரர், அதே கேரள போலீஸ், பிறகு சென்னையில் இந்தியன் வங்கி. அந்தப் போலீஸ் அணி 1990, 1991 இரண்டு வருஷமும் பெடரேஷன் கோப்பையை வென்றது. இரண்டு முறை விருது வாங்கிய ஜோ பால் அஞ்சேரி, அவரோடு விஜயன், பாய்ச்சுங் பூட்டியா மூவருமே 1990-களின் நடுவில் பஞ்சாபின் பக்வாராவில் ஜே.சி.டி. என்ற துணி மில்லின் சட்டையைப் போட்டு ஆடினார்கள். 1996-97-ல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்றது அந்த மில் அணிதான். அதில் அதிக கோல் போட்டவர் பூட்டியா. ஆக, போலீஸ், மில், வங்கி. கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் இடங்கள். தங்கவயலின் சுரங்க அணிகள் முளைத்த அதே மண்.

அந்த மண் விருது தொடங்கிய கையோடு கரைய ஆரம்பித்தது. சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசிடமும், 1962-ல் மத்திய அரசிடமும் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று ஆயின. கீழே பொன் தீர்ந்துவிடவில்லை. எடுக்கிற செலவு கட்டுப்படியாகவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். 2010-ல் மஹிந்திரா யுனைடெட் அணியைக் கலைத்தது மஹிந்திரா, 2011-ல் ஜே.சி.டி. கலைந்தது, பெங்களூரின் எச்.ஏ.எல். அணி 2012-ல் தேசிய லீக்கான ஐ-லீக்கிலிருந்து இறங்கியது. தங்கவயல் முன்னால் போனது, மற்றவை பின்னால் போயின, அவ்வளவுதான். ஆனால் இங்கே போனது ஒரு அணி மட்டுமா? ஊரின் சாயங்காலமே போனது. இன்று தங்கவயலில் ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன்னால் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபிறகு திரும்புகிறார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் நின்றுகொண்டிருந்தால் எந்த நேரத்தில் பந்தைத் தொடுவான்? மைதானம் அங்கேயே கிடக்கிறது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் சாம்பல்நிறத் தூசும் அங்கேயே படிகிறது. அப்பா ஷிஃப்ட் முடித்து வந்து நின்ற நேரத்தில் மகன் ஒயிட்ஃபீல்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறான்.

கம்பெனி காலத்தைப் பொற்காலமாகக் காட்டுகிறேன் என்று இங்கே ஒரு நியாயமான கோபம் எழலாம். சுரங்கத்துத் தூசு நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தவர்களின் ஊர் இது. பாறை வெடித்து மூடியவர்களின் ஊர். துரைமார்கள் பந்தைக் கொடுத்தது அன்பினால் இல்லை. சாராயக்கடையிலிருந்தும் சங்கக் கூட்டத்திலிருந்தும் ஆட்களைத் தள்ளிவைக்க அதைவிட மலிவான வழி வேறு இல்லை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பந்து கொடுத்தவனின் நோக்கமும் பந்தை வாங்கியவன் அதை வைத்துச் செய்ததும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஒட்டுமொத்தத் தங்கவயலும் வேலையை நிறுத்தியபோது, கம்பெனி மைதானங்களில் ஆடிய கால்கள் யாரையும் தடுத்துவிடவில்லை. விளையாட்டு தொழிலாளியை மழுங்கடித்தது என்ற வாதத்துக்கு அந்த ஊரின் போராட்ட வரலாறே பதில். தவிர, கம்பெனியின் கொடுமை போனதோடு மைதானத்து நேரமும் போனது என்றால் முன்னதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டே பின்னதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். வேலையில்லாதவனின் ஓய்வு ஓய்வாகாது.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது. தங்கவயலில் பெரிய திறமை இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? விருதுக்குரிய வீரர் யார் என்று ஒரு பேரைச் சொல் பார்க்கலாம்? ஒற்றைப் பேரைத் தேடுவதே இந்த விருது நமக்குப் பழக்கிவிட்ட பார்வை என்பேன். பேரை விட்டு மாநிலத்தைப் பாருங்கள். தங்கவயல் அடங்கிய மைசூர் மாநிலம் (இன்றைய கர்நாடகம்), மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என்று நான்கு முறை வென்றது. பெங்களூரின் அகமது கான் கல்கத்தாவுக்குப் போய், ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடப்பட்ட ஐவரில் ஒருவரானார். அந்த மாநிலக் கால்பந்தின் அடித்தளம் பட்டாளமும் ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அடர்ந்த பகுதிகள். பெங்களூர் கன்டோன்மென்டின் தமிழ்ப் பேட்டைகள் அதில் முக்கியம். அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் இன்றைக்கும் பெலேவுக்குச் சிலை இருக்கிறது, கையில் கோப்பையோடு. சுற்றி உள்ள தெருக்களில் பையன்கள் உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1969-க்குப் பிறகு கர்நாடகம் மறுபடி அந்தக் கோப்பையைத் தொட்டது 2023 மார்ச்சில், ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்றபோது. ஐம்பத்துநாலு வருஷ இடைவெளி. ஒரு மாநிலத்தில் அத்தனை வருஷம் பந்தாடும் கால் இல்லாமலா போயிருக்கும்? கால் இருந்தது, அதைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய அணிகள் மெலிந்துகொண்டே வந்தன.

அப்படியானால் சின்ன ஊர்க்காரர்கள் யாருமே இந்தப் பட்டியலில் வரவில்லையா என்று கேட்டால், வந்திருக்கிறார்கள், வரிசையாக வந்திருக்கிறார்கள். என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. 2015-ல் ஷில்லாங்கின் யூஜின்சன் லிங்டோ. 2016-ல் மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவா. 2022-23, 2023-24 இரண்டிலும் மிசோரமின் லல்லியன்சுவாலா சாங்தே. பெண்களுக்கான விருது 2001-ல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி. அதன்பிறகு பாலா தேவி, கமலா தேவி, ஆஷாலதா தேவி என்று மணிப்பூர்ப் பேர்கள் மறுபடி மறுபடி வந்தன. 2011 கணக்கெடுப்பில் மிசோரமின் மொத்த ஜனத்தொகை பதினோரு லட்சத்துக்கும் குறைவு. அங்கே ஆலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. பிறகு எப்படி? 2012-ல் அவர்கள் தங்களுக்கென்று மிசோரம் பிரீமியர் லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்தில், 2013-14-ல், சந்தோஷ் கோப்பை அவர்கள் கையில். தங்கவயலில் கம்பெனி செய்த வேலையை அங்கே ஊரும் சர்ச்சும் உள்ளூர் லீக்கும் சேர்ந்து செய்தன. எனவே கம்பெனிதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. வருஷம் முழுக்க, நடக்கும் தூரத்தில், பேர் தெரிந்த எதிராளியோடு ஆட யாரோ ஒருவர் ஏற்பாடு செய்துகொண்டே இருக்க வேண்டும். மிசோரமில் அது இருக்கிறது, பாலகாட்டில் 2001-க்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

கம்பெனியே தொடர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது: ஜாம்ஷெட்பூர். அதுவும் ஒரு கம்பெனி ஊர்தான். 1987-ல் அங்கே டாடா கால்பந்து அகாடமி தொடங்கினார்கள். 2009-ல் ஆண்டின் சிறந்த வீரரான சுப்ரதா பால், 2010-ல் கவுரமாங்கி சிங், இருவரும் அந்த அகாடமியில் வளர்ந்தவர்கள். ஒருவர் வங்காளம், ஒருவர் மணிப்பூர். ஜாம்ஷெட்பூர்ப் பையன்கள் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். பெங்களூரின் கார்ல்டன் சாப்மனும் அங்கே போய்த்தான் தேறி, பிறகு ஜே.சி.டி.க்கு ஆடி, இந்தியாவுக்குக் கேப்டனானார். அகாடமிக்கு ஊர் பேதம் கிடையாது. ஆனால் பையன் அகாடமிவரை போய்ச்சேர, அதற்கு முன்னால் அவனை யாராவது ஒரு ஆட்டத்தில் பார்த்திருக்க வேண்டும். பெங்களூரில் சாப்மனைப் பார்க்க ஆட்டங்கள் இருந்தன. உள்ளூர் ஆட்டமே நின்றுபோன இடத்தில் எந்தத் தேர்வாளர் எதைப் பார்ப்பார்?

இனி சுனில் சேத்ரிக்கு வருவோம். அவரைத் தொடாமல் இந்த விருதைப் பற்றிப் பேச முடியாது. 2007, 2011, 2013, 2014, 2017, 2018-19, 2021-22 என்று ஏழு முறை. (இந்த வரிசையிலேயே ஒரு கதை இருக்கிறது: 2017-க்குப் பிறகு வருஷக் கணக்கு போய்ப் பருவக் கணக்கு வந்துவிட்டது. தொலைக்காட்சிக்காரர்களின் காலண்டருக்குள் விருதும் போனது. 2025-ல் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) குறித்த காலத்தில் தொடங்கவே இல்லை. பருவமே தடுமாறினால் விருது எந்தக் கணக்கில் வரும்?) சேத்ரியின் தகுதியில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இந்தியாவுக்காக 90-க்கு மேல் கோல் போட்டவர். 2024 ஜூனில் விடைபெற்றவரை மறு வருஷமே திரும்ப அழைக்க வேண்டிவந்தது. எனக்குக் கவலை அவர் வாங்கிய ஏழில் இல்லை. பதினைந்து வருஷமாக அவரை ஓரம்கட்ட இன்னொருவர் தொடர்ந்து வரவில்லையே என்பதில் இருக்கிறது. இங்கிலாந்து எழுத்தாளர்களின் விருதில் தியரி ஆன்ரியும் முகமது சாலாவும் மும்மூன்று முறை வாங்கியதுதான் உச்சம். நான்காவது முறை யாருக்கும் வாய்க்கவில்லை. மெஸ்ஸி எட்டு பாலன் தோர் வாங்கவில்லையா என்பார்கள். வாங்கினார், ஆனால் அந்த எட்டுக்கும் எதிரே ரொனால்டோவின் ஐந்து நிற்கிறது. நம் பட்டியலில் சேத்ரிக்கு எதிரே நிற்பது யார்? கிளைகள் அடர்ந்த மரத்தில் எது உயரமான கிளை என்று தேடவேண்டியிருக்கும். ஒற்றைப் பனையில் தேடவே வேண்டாம். இதில் தங்கவயலுக்கு ஒரு தனி வயிற்றெரிச்சல் உண்டு. அந்த ஏழில் பெரும்பாலானவை சேத்ரி பெங்களூரு எஃப்.சி.க்கு ஆடிய காலத்தவை. நாட்டின் ஆகச்சிறந்த வீரர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் பத்து வருஷத்துக்கு மேலாக ஆடிக்கொண்டிருக்கிறார். அதே பெங்களூருக்குத் தங்கவயல் இளைஞர்கள் தினம் போய் வருகிறார்கள், செக்யூரிட்டியாகவும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும். தூரம் இங்கே ஒரு பிரச்சினையே இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பழைய ஏற்பாடு செத்துவிட்டது, அழுது பயனில்லை, இனி கிளப் கால்பந்துதான் என்று சொல்பவர்களுக்கு 2023-24-க்கான பெண்கள் விருதைக் காட்டலாம். அதை வாங்கியவர் இந்துமதி கதிரேசன். ஊர் கடலூர். பள்ளிப் பெண்களுக்குப் பந்து பழக்கும் வழக்கம் பல வருஷமாக ஊன்றிப்போன ஊர் அது. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரையின் சேது எஃப்.சி. அணியில் இருந்தவர். உத்தியோகம்? தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். முப்பது வருஷத்துக்கு முன்னால் விஜயனையும் சத்யனையும் தாங்கிய அதே ஏற்பாடு: ஊரில் ஒரு பயிற்சிக்களம், மாநிலத்துக்குள் ஒரு அணி, மாசாமாசம் ஒரு சம்பளம். அது எங்கே இன்னும் உயிரோடு இருக்கிறதோ அங்கிருந்து இன்றைக்கும் ஆள் வருகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இந்துமதியின் விருதுக்கு ஒதுக்கிய இடத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

சத்யனின் வாழ்க்கை இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். நாட்டின் சிறந்த வீரர், இந்திய அணியின் கேப்டன். 2006 ஜூலையில், 41 வயசில், பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவர் உயிர் போனது. தானே தேடிக்கொண்ட முடிவு. பன்னிரண்டு வருஷம் கழித்து மலையாளத்தில் ‘கேப்டன்’ என்று படம் எடுத்தார்கள். ஒரு மனிதனின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்வது அபத்தம், நான் சொல்லப்போவதில்லை. விருது என்பது மேடையில் கைதட்டும் அந்த ஒரு மாலைக்கு மட்டுமானது என்பதை மட்டும் அவர் பேர் அந்தப் பட்டியலில் இருந்துகொண்டு சொல்கிறது. ஆட்டக்காரனின் மீதிப் பொழுதுகளை வேறு எதுவோ தாங்க வேண்டியிருக்கிறது. தாங்குகிறதா இல்லையா என்று விருதுக் குழு கேட்பதில்லை, கேட்பது அதன் வேலையும் இல்லை.

அதன் வேலை எது என்றே பேசுவோம். விருது தனிமனிதருக்கு, ஊருக்குக் கிடையாது. ஊர்களுக்கெல்லாம் பங்கு வைத்தால் விருதின் கூர்மை போய்விடும் என்பது கடைசி ஆட்சேபம். சரி, பங்கு வைக்க வேண்டாம். ஏற்கெனவே போனவர்களுக்குப் பழைய தேதி போட்டு விருது கொடுப்பதும் வேண்டாம். தங்கராஜுக்கு 1958-ன் விருதை இன்றைக்கு அறிவித்தால் அது மரியாதையாக இருக்காது, நாடகமாக இருக்கும். நான் கேட்பது சின்ன விஷயம். கூட்டமைப்பின் பட்டியலில் வருஷம், வீரர் பேர், அப்போது ஆடிய கிளப் என்று வரும். பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் போடட்டும்: முதலில் ஆடிய மைதானம், முதலில் சேர்த்துக்கொண்ட அணி. விஜயனுக்கு நேரே திருச்சூர், கேரள போலீஸ். சுப்ரதா பாலுக்கு நேரே டாடா அகாடமி. இந்துமதிக்கு நேரே கடலூர். முப்பது சொச்சம் வரிகள்; இரண்டு நாள் போன் பேசினால் வேலை முடிந்தது. நிரப்பிப் பார்த்தால் அந்தக் கட்டத்தில் எந்தெந்தப் பேர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, எவை ஒரு தடவைகூட வரவில்லை, எவை ஒரு வருஷத்துக்குப் பிறகு வரவே இல்லை என்பது கூட்டமைப்பின் கண்ணுக்கே தெரியும். அடுத்த மைதானத்தை எங்கே போடலாம், உள்ளூர் லீக்குக்கு எந்த ஊருக்குப் பணம் கொடுக்கலாம் என்று முடிவெடுக்க அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அநேகமாக எல்லாரிடமும் நேரில் கேட்டுக்கொள்ளலாம். சத்யனுக்கு மட்டும் கேரள போலீஸில் யாரையாவது விசாரிக்க வேண்டியிருக்கும்.